சோலார் பேனல் ஏன் நீலமாக இருக்கிறது? 75 நானோமீட்டர் பூச்சு செய்யும் இரண்டு வேலைகள்

சோலார் பேனல் வைத்த மொட்டை மாடிகள் இப்போது தெருவுக்கு நாலு கண்ணில் படுகின்றன. சில மாடிகளில் பேனல் அடர் நீலம், சிலவற்றில் கறுப்பு. "கறுப்புதான் சார் லேட்டஸ்ட், நீலம் பழைய மாடல்" என்று விற்பவர் சொல்வார். வாங்குபவரும் தலையாட்டிவிட்டு விலைக்குப் போய்விடுவார்.

உண்மையில், பேனலுக்குள் இருக்கும் சிலிக்கானுக்கு நீல நிறமும் கிடையாது, கறுப்பு நிறமும் கிடையாது. அது சாம்பல் நிறம். நன்றாக பாலீஷ் போட்டால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு.

அப்போ அந்த நீலம் எங்கிருந்து வந்தது? சிலிக்கான் மேல் படிய வைத்திருக்கும் ஒரு பூச்சிலிருந்து. அதன் தடிமன் சுமார் 75 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அழகுக்காகப் பூசப்பட்டது அல்ல இது. இதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, வெயில் பட்டுத் தெறித்துப் போகாமல் உள்ளே அனுப்புவது. இன்னொன்று, உள்ளே போன வெயிலில் உருவான மின்சாரம் மேற்பரப்பிலேயே செத்துப் போகாமல் காப்பது. முதல் வேலையைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில்கூட ஓரளவு வரும். இரண்டாவதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. ஆனால், கடந்த 40 ஆண்டுகளில் சிலிக்கான் சோலார் செல் அடைந்த முன்னேற்றத்தில் பெரும் பங்கு அந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

வீட்டுக்காரருக்கு இதனால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. உச்சி வெயிலில் 1 சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் வெயில் விழுவதாக வைத்துத்தான் பேனலின் திறனை அளக்கிறார்கள். திறன் 15 சதவீதம் என்றால், 3 கிலோவாட் அமைக்க 20 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 215 சதுர அடி பேனல் வேண்டும். திறன் 22.5 சதவீதம் ஆனால், 143 சதுர அடி போதும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, மாடிப்படி ஷெட் எல்லாம் போக மிச்சம் இருக்கும் இடத்தில் இந்த 72 சதுர அடி பெரிய விஷயம். ஸ்டாண்டு, ஒயர், ஆள்கூலி எல்லாமே இந்தப் பரப்பை வைத்துத்தான் ஏறும், இறங்கும்.

பட்ட வெயில் உள்ளே போகலைன்னா?

வெளிச்சம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது, அந்த எல்லையில் கொஞ்சம் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்ணுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றுக்கு 1. தண்ணீருக்கு 1.33, அதனால் தண்ணீரில் நேராக விழும் வெளிச்சத்தில் 2 சதவீதம்தான் திரும்புகிறது. கண்ணாடிக்கு 1.5, திரும்புவது 4 சதவீதம். சிலிக்கானுக்கோ கிட்டத்தட்ட 3.9. காற்றிலிருந்து ஒரேயடியாக இவ்வளவு பெரிய தாவல் என்பதால், விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பிப் போய்விடும். கடையைத் திறப்பதற்கு முன்பே சரக்கில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போவது மாதிரி.

இதற்கு மருந்து, நடுவில் ஒரு படி வைப்பது. 1-க்கும் 3.9-க்கும் இடையே, ஒளிவிலகல் எண் சுமார் 2 உள்ள ஒரு மெல்லிய படலம். ஆனால், படி வைத்தால் மட்டும் போதாது, படியின் உயரமும் சரியாக இருக்க வேண்டும். மழை பெய்த ரோட்டில் தேங்கிய தண்ணீரில் பெட்ரோல் சொட்டினால் வானவில் மாதிரி நிறங்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். சோப்புக் குமிழியிலும் அதே கதைதான். படலத்தின் மேல் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அலையும், கீழ்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அலையும் சந்திக்கின்றன. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒன்றாக வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். திரும்பிப் போக ஒளியே இருக்காது. அந்த ஆற்றல் முழுவதும் உள்ளே போய்விடும்.

இப்படி அழிய வேண்டுமென்றால் படலத்தின் தடிமன், அந்தப் படலத்துக்குள் இருக்கும் ஒளி அலைநீளத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். சூரிய ஒளியில் சிலிக்கானுக்கு நன்றாக உதவுவது 600 நானோமீட்டரைச் சுற்றியுள்ள ஆரஞ்சு, சிவப்புப் பகுதி. 600-ஐ 2-ஆல் வகுத்து, பிறகு 4-ஆல் வகுத்தால் 75. முதலில் சொன்ன அந்த 75 நானோமீட்டர் இதுதான்.

ஒரே தடிமன் எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. ஆரஞ்சுக்குப் பொருத்தி வைத்த படலம், அலைநீளம் குறைந்த நீலத்தையும் ஊதாவையும் முழுவதுமாக அடக்க முடியாமல் கொஞ்சம் திருப்பி அனுப்பிவிடும். நம் கண்ணுக்கு வந்து சேர்வது அந்த மிச்சம். ஆக, பேனலின் நீலம் என்பது அது பயன்படுத்தாமல் விட்ட வெளிச்சம்.

தொழிற்சாலையில் இந்தப் படலம் வளரும்போது சாம்பல் நிற வேஃபர் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பு, ஊதா என்று மாறி, அடர் நீலத்தில் வந்து நிற்கும். இன்னும் விட்டால் வெளிர் நீலமாகிவிடும். பத்து நானோமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், செல்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் கேமராக்கள் உற்பத்தி வரிசையிலேயே உண்டு.

இந்த உத்தி சோலார் பேனலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. பழுப்பேறிய பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடியைவிடக் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை 1886-ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் லார்டு ரேலி கவனித்தார். அழுக்கு படிந்தது என்று நினைத்ததே பூச்சாக வேலை செய்திருக்கிறது! 1938-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள 44 அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடி மேல் ஏற்றி, கண்ணுக்கே தெரியாத கண்ணாடியைச் செய்து காட்டினார். இன்றைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் 'கிளேர் வராது' என்று கூடுதல் காசு வாங்கும் கோட்டிங்கும் இதே குடும்பம்தான்.

உள்ளே போன பிறகு எங்கே தொலையுது?

வெளிச்சம் உள்ளே போய்விட்டது. அது ஓர் எலெக்ட்ரானைத் தட்டி எழுப்புகிறது. எலெக்ட்ரான் எழுந்த இடத்தில் ஒரு காலியிடம் உருவாகிறது, அதைத் துளை என்பார்கள். எலெக்ட்ரான் ஒரு பக்கமும் துளை மறுபக்கமும் போய்ச் சேர்ந்தால்தான் மின்சாரம். வழியிலேயே இரண்டும் மறுபடி சேர்ந்துவிட்டால் வெறும் சூடுதான் மிச்சம்.

இப்படி மறுபடி சேர்வதற்கு மிக வசதியான இடம் எது தெரியுமா? மேற்பரப்பு.

சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு பக்கமும் நான்கு அணுக்களின் கையைப் பிடித்திருக்கும். வேஃபராக வெட்டியதும், ஓரத்தில் நிற்கும் அணுக்களுக்குப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு கை, சில இடங்களில் இரண்டு கை காற்றில் தொங்கும். இவற்றைத் தொங்கும் பிணைப்புகள் என்கிறார்கள். அந்தப் பக்கம் வரும் எலெக்ட்ரானை இந்தக் கை பிடித்துக்கொள்ளும், அடுத்து வரும் துளையையும் இழுத்து இரண்டையும் சேர்த்துவிடும். கணக்கு முடிந்தது. கை காலியாகி, அடுத்த ஜோடிக்குத் தயார். ஒரு குழி ஒரே வண்டியைத்தான் கவிழ்க்கும் என்று இல்லையே, நாள் முழுக்கக் கவிழ்க்கும்.

ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் பரப்பில் சுமார் 700 லட்சம் கோடி அணுக்கள் உண்டு. அத்தனையும் குழிகளாக இருந்தால் செல் வேலைக்கே ஆகாது. இந்தக் குழிகளை மூடிச் சாதுவாக்கும் வேலைக்குப் பெயர்தான் பாசிவேஷன். நன்றாகச் செய்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1,000 கோடி குழிகள் மட்டுமே மிஞ்சும். அதாவது, 70,000 அணுக்களுக்கு ஒன்று. கேட்க ஆயிரம் கோடி பெரிதாகத் தெரிந்தாலும், இது அபாரமான சுத்தம்.

அதைச் செய்ய இரண்டு வழிகள். முதல் வழி, தொங்கும் ஒவ்வொரு கையிலும் ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடித்துக் கொடுப்பது. ரோட்டுக் குழிக்குத் தார் ஊற்றுவது மாதிரி. இரண்டாவது வழி கொஞ்சம் சாமர்த்தியமானது. மேற்பரப்பில் பூசும் படலத்துக்குள்ளேயே நிரந்தரமான மின்னூட்டத்தை வைத்துவிடுவது. நேர் மின்னூட்டம் வைத்தால் அது துளைகளை விரட்டும், எதிர் மின்னூட்டம் வைத்தால் எலெக்ட்ரான்களை விரட்டும். ஜோடியில் ஒருத்தரை வரவிடாமல் தடுத்தாலே போதும், குழி இருந்தும் விபத்து நடக்காது.

இந்தச் சிந்தனைக்கு மூலம் கம்ப்யூட்டர் சிப் உலகம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எகிப்தில் பிறந்த பொறியாளர் முகமது அட்டல்லா, சிலிக்கானைச் சூடான உலையில் ஆக்சிஜனோடு வைத்து அதன் மேல் ஆக்சைடு படலம் வளர்த்தால் மேற்பரப்பு அடங்கிவிடுகிறது என்று காட்டினார். இன்றைய சிப்புகளுக்கு அடித்தளம் அதுதான். முதல் நடைமுறை சிலிக்கான் சோலார் செல்லை 1954-ல் உலகத்துக்குக் காட்டியதும் இதே பெல் ஆய்வகம். அப்போது அதன் திறன் சுமார் 6 சதவீதம்.

மேற்பரப்பைக் கவனித்தால் எவ்வளவு லாபம் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் செயற்கைக்கோள் தயாரித்தவர்கள். அங்கே எடைக்கும் இடத்துக்கும் அவ்வளவு விலை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் காம்சாட் ஆய்வகத்தில் ஜோசப் லிண்ட்மேயர் 'வயலெட் செல்' என்ற ஒன்றைச் செய்தார். நீல, ஊதா ஒளி சிலிக்கானுக்குள் ஒரு மைக்ரான்கூட இறங்காமல் மேலேயே உறிஞ்சப்படும். பழைய செல்களில் அந்த மேலடுக்கில் பாஸ்பரஸ் அளவுக்கு மீறித் திணிக்கப்பட்டிருந்ததால், அங்கே பிறந்த எலெக்ட்ரான்கள் அங்கேயே மடிந்தன. லிண்ட்மேயர் அந்த அடுக்கை மெலிதாக்கினார். அடுத்து அதே ஆய்வகம், மேற்பரப்பை ரசாயனத்தால் அரித்துக் குட்டிக் குட்டிப் பிரமிடுகளை உருவாக்கியது. ஒரு பிரமிடில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்துப் பிரமிடில் போய் விழும், தப்பிக்க முடியாது. செல் கறுப்பாகத் தெரிந்தது. இந்தப் பிரமிடுகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீலமா கறுப்பா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்

1980-கள் வரை இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பொருள்கள்தான் இருந்தன. டைட்டானியம் டை ஆக்சைடு வெளிச்சத்தை அருமையாக உள்ளே விடும், ஆனால் தொங்கும் கைகளைக் கண்டுகொள்ளாது. சிலிக்கான் டை ஆக்சைடு கைகளை நன்றாக அடக்கும், ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.46 மட்டுமே, படியாக வைக்க உயரம் பத்தாது. போதாக்குறைக்கு அதை வளர்க்க 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உலை வேண்டும். மலிவான சிலிக்கானை அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் அழுக்கு கிளம்பி ஊரெல்லாம் பரவிவிடும்.

விடையாக வந்தது சிலிக்கான் நைட்ரைடு. சோலார் செல்லில் இதன் மதிப்பை முதலில் எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் எர்லாங்கனில் வேலை பார்த்த ருடால்ஃப் ஹெசல். சிலேன், அமோனியா என்ற இரண்டு வாயுக்களைக் காற்று அகற்றப்பட்ட அறைக்குள் விட்டு, மின்புலத்தால் அவற்றை பிளாஸ்மாவாக்கினால், சுமார் 400 டிகிரியிலேயே வேஃபர் மேல் நைட்ரைடு படிகிறது. சிலேன் காற்றைத் தொட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் ஆபத்தான வாயு, அதனால் இந்த இடத்தில் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம்.

படியும் நைட்ரைடின் ஒளிவிலகல் எண்ணை, இரண்டு வாயுக்களின் விகிதத்தை மாற்றி 2-ஐச் சுற்றி வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். இரண்டு வாயுக்களிலுமே ஹைட்ரஜன் இருப்பதால் படலத்துக்குள் நிறைய ஹைட்ரஜன் மாட்டிக்கொள்கிறது. கடைசியாக, செல்லின் மேல் அச்சிட்ட வெள்ளிக் கோடுகள் சிலிக்கானோடு ஒட்டுவதற்காகச் சில நொடிகள் சுமார் 800 டிகிரி சூட்டில் செல்லை ஓட்டி எடுப்பார்கள். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் விடுபட்டு சிலிக்கானுக்குள் இறங்கி, மேற்பரப்பில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் குறைகளையும் அடைத்துவிடும். வேறு காரணத்துக்காக ஏற்றிய சூடு, வைத்தியமும் பார்த்துவிடுகிறது. மலிவான பல படிக சிலிக்கானை வைத்தே காசுக்கு ஏற்ற பேனல் செய்ய முடிந்ததற்கு இந்த ஹைட்ரஜன் ஒரு பெரிய காரணம். 2000-களில் கூரைகளில் ஏறிய நீலப் பேனல்கள் எல்லாம் இந்த வகைதான்.

முதுகுப் பக்கத்தை மறந்துட்டாங்க

முன்பக்கம் சரி. பின்பக்கம்? பழைய செல்களின் பின்பக்கம் முழுவதும் அலுமினியம் பேஸ்ட் அப்பப்பட்டிருக்கும். உலோகம் நேரடியாகத் தொடும் இடமெல்லாம் எலெக்ட்ரான்களுக்குப் படுகுழி. வேஃபர் தடியாக இருந்த காலத்தில் பரவாயில்லை. செலவைக் குறைக்க வேஃபரை மெலிதாக்க மெலிதாக்க, இன்றைக்கு 150 மைக்ரானுக்கும் கீழே வந்துவிட்ட நிலையில், எங்கே பிறந்த எலெக்ட்ரானுக்கும் பின்சுவர் பக்கத்து வீடுதான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் தலைமையிலான குழு, ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா ஜாவோ உள்ளிட்டோர், இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பின்பக்கம் முழுவதையும் ஆக்சைடு படலத்தால் மூடு, ஆங்காங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு அங்கே மட்டும் உலோகம் தொடட்டும். இதுதான் 'பெர்க்' செல். 1989-ல் வெளியான அவர்களின் கட்டுரையில் திறன் 22.8 சதவீதம். அந்தக் காலத்துக்கு அது எட்டாத உயரம்.

ஆனால், ஆய்வகத்தில் ஜெயித்த பெர்க் ஃபேக்டரிக்குள் நுழைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏன்? மறுபடியும் படலம்தான் பிரச்சினை. ஆக்சைடுக்கு உயர் சூட்டு உலை வேண்டும், காசு கட்டாது. நைட்ரைடு பூசலாம் என்றால், அதற்குள் இருக்கும் மின்னூட்டம் நேர் வகை. போரான் கலந்த சிலிக்கானின் பின்பக்கத்தில் அது எலெக்ட்ரான்களை விரட்டுவதற்குப் பதிலாக இழுத்து, கசிவுப் பாதை போட்டுக் கொடுத்தது. எதிர் மின்னூட்டம் உள்ள, குறைந்த சூட்டில் பூசக்கூடிய ஒரு படலம் தேவைப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படலமும் ஏற்கெனவே கிடைத்திருந்தது. அதே 1989-ல், நைட்ரைடில் நாம் பார்த்த அதே ஹெசல், தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடு படலத்துக்குள் எதிர் மின்னூட்டம் இருப்பதையும், அது சிலிக்கானை நன்றாக அடக்குவதையும் எழுதிவிட்டார். பூட்டும் சாவியும் ஒரே ஆண்டில் வெளியாகியும் யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. 2006 வாக்கில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஆய்வாளர்கள் அலுமினியம் ஆக்சைடை மறுபடி கையிலெடுத்த பிறகுதான் தொழில்துறை திரும்பிப் பார்த்தது. பத்து நானோமீட்டர் அளவுக்கு அலுமினியம் ஆக்சைடு, அதன் மேல் நைட்ரைடு, லேசரால் ஓட்டை, பிறகு அலுமினியம் பேஸ்ட். இருக்கிற உற்பத்தி வரிசையிலேயே இரண்டு மூன்று இயந்திரங்களைச் சேர்த்தால் முடிந்தது. 2010-களின் இறுதியில் உலகச் சந்தையையே பெர்க் பிடித்துவிட்டது. கிரீன் குழுவின் அந்த நால்வருக்கும் 2023-ல் பிரிட்டனின் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. ஹெசல் பெயரை வெளியே யாருக்கும் தெரியாது என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

பெர்க்கிலும் ஒரு குறை மிச்சம் இருந்தது. ஓட்டை வழியாக உலோகம் தொடும் அந்தச் சின்னப் புள்ளிகள். 2013-ல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் அதற்கு ஒரு வழி சொன்னது. சிலிக்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவான ஓர் ஆக்சைடு படலம், அதன் மேல் ஒரு சிலிக்கான் அடுக்கு. படலம் குழிகளை மூடிவிடுகிறது. ஆனால், அவ்வளவு மெலிதாக இருப்பதால் எலெக்ட்ரான்கள் அதை ஊடுருவிக் கடந்துவிடுகின்றன. இதுதான் இன்று எல்லா விளம்பரத்திலும் வரும் 'டாப்கான்'. ஜப்பானின் சான்யோ நிறுவனம் 1990-களிலேயே படிகமற்ற சிலிக்கானைச் சில நானோமீட்டர் பூசி இன்னொரு பாதையில் போனது, அதன் வாரிசுதான் 'எச்ஜேடி'.

இந்த முன்னேற்றத்தை ஒரே எண்ணில் பார்க்கலாம். வெயிலில் வைத்த ஒற்றை செல்லின் வோல்டேஜ், அலுமினியம் அப்பிய பழைய வகையில் சுமார் 0.64. பெர்க்கில் 0.68-ஐத் தாண்டியது. டாப்கானில் 0.72 அளவு, எச்ஜேடியில் 0.75-ஐ நெருங்குகிறது. அதே சிலிக்கான், அதே வெயில். குழிகள் குறையக் குறைய வோல்டேஜ் ஏறியிருக்கிறது. சிலிக்கான் செல்லால் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சம் சுமார் 29.4 சதவீதம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆய்வகச் சாதனைகள் 27-ஐத் தாண்டிவிட்டன.

சரி, நீலமா கறுப்பா?

இப்போது விற்பவர் சொன்னதற்கு வரலாம். நீலப் பேனல், கறுப்புப் பேனல் இரண்டிலும் மேலே இருப்பது ஏறக்குறைய ஒரே நைட்ரைடு பூச்சுதான். வித்தியாசம் கீழே. ஒற்றைப் படிக சிலிக்கானை காரத்தில் ஊற வைத்தால் படிகத்தின் திசைப்படி ஒழுங்கான பிரமிடுகள் முளைக்கும். பூச்சு விட்டுவிட்ட நீலத்தையும் பிரமிடுகள் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் திரும்பிப் போவது இரண்டு, மூன்று சதவீதம்தான், அதனால் கறுப்பு. பல படிக சிலிக்கானில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசை பார்ப்பதால் அப்படி ஒழுங்கான பிரமிடு வராது, நீலம் தப்பிவிடும்.

ஆக, 'கறுப்பு புதுசு' என்று சொல்வது ஓரளவு சரிதான். ஆனால், கறுப்பு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினால் ஏமாற இடமுண்டு. பெர்க்கும் கறுப்பு, டாப்கானும் கறுப்பு. பின்தாளையும் சட்டத்தையும் கறுப்பாக்கி 'ஃபுல் பிளாக்' என்று விற்பது வெறும் தோற்றத்துக்காக. கறுப்புப் பின்தாள் கூடுதலாகச் சூடாகும், சூடு ஏறினால் மின்சாரம் குறையும். நிறத்தை விட்டுவிட்டு, செல் எந்த வகை என்று டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே நல்லது.

25 வருஷம் தாங்குமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாசிவேஷன் என்பது பெரும்பாலும் சிலிக்கான் அணுவின் கையில் ஹைட்ரஜன் அணு கோத்திருப்பது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிருக்கு அந்தப் பிணைப்பைப் பிரிக்கும் அளவுக்கு ஆற்றல் உண்டு. பிரிந்தால் மூடிய குழி மறுபடி திறந்துவிடும். டாப்கான், எச்ஜேடி போன்ற புதிய வகைகள் மேற்பரப்பு அமைதியையே முழுக்க நம்பி நிற்பவை என்பதால், அவற்றில் சில தயாரிப்புகள் புற ஊதாக் கதிர் சோதனையில் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திறன் இழந்ததை அமெரிக்க தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் உள்ளிட்ட ஆய்வகங்கள் பதிவு செய்திருக்கின்றன. எல்லாத் தயாரிப்புகளும் அப்படி இல்லை. ஒரே வகை செல்லிலேயே பூச்சின் தடிமன், கலவை, மேலே போடும் ஒட்டுப்படலம் ஆகியவற்றைப் பொறுத்து ஒன்று தாங்குகிறது, ஒன்று சறுக்குகிறது.

சிக்கல் என்னவென்றால், பேனல்களுக்கான சர்வதேசத் தரச் சோதனையில் புற ஊதாக் கதிருக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவு, வெயில் கொளுத்தும் ஊர்களில் சில மாதங்களில் கிடைத்துவிடும் அளவுதான். பேனலுக்குத் தரும் உத்தரவாதமோ 25 ஆண்டு, 30 ஆண்டு. 'சர்டிஃபிகேட் இருக்கு சார்' என்பதோடு நிறுத்தாமல், கூடுதல் புற ஊதாச் சோதனை செய்திருக்கிறார்களா, முதல் ஆண்டில் எத்தனை சதவீதம் குறையலாம், அடுத்தடுத்த ஆண்டுகளில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது வாங்குபவரின் உரிமை.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வரை அமைக்கும் வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை, பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரித்ததாக இருக்க வேண்டும். நீண்ட காலமாக இங்குள்ள பல நிறுவனங்கள் வெளிநாட்டு செல்களை வாங்கிக் கண்ணாடிக்குள் அடுக்கிப் பேனலாக்கி வந்தன. இந்தக் கட்டுரையில் சொன்ன பூச்சு வேலை எல்லாம் நடப்பது செல் தயாரிப்பில்தான். திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் உள்ள டாடா பவர் நிறுவனத்தின் ஆலையில் செல் உற்பத்தி 2024-ல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அங்கே செய்வது சிலிக்கான் இல்லாத வேறு வகைப் பேனல்.

தேய்க்கும்போது பார்த்து

செல் மேல் இருக்கும் நைட்ரைடு பூச்சை வீட்டுக்காரர் நினைத்தாலும் தொட முடியாது, அது கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால், அந்தக் கண்ணாடியின் மேலேயே பெரும்பாலான பேனல்களில் இன்னொரு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு உண்டு. நுண்துளைகள் கொண்ட சிலிக்கா படலம், 100 நானோமீட்டர் சொச்சம். கண்ணாடியில் வீணாகும் 4 சதவீதத்தில் பாதிக்கு மேல் மீட்டுக் கொடுப்பது இதுதான். வெயிலும் மழையும் தூசும் நேரடியாகப் படுவதும் இதன் மேல்தான்.

காக்கா எச்சம் காய்ந்துவிட்டது என்று கம்பி நாரையோ பாத்திரம் தேய்க்கும் பவுடரையோ எடுத்தால், எச்சத்தோடு பூச்சும் போய்விடும். ஒருமுறை போனால் திரும்ப வராது. ஊற வைத்து, மென்மையான துணியாலோ ஸ்பாஞ்சாலோ துடைத்தால் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, காலையோ மாலையோதான் சரி. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளையாக உப்புக் கறை படிந்து, எடுப்பதற்குப் பெரும் பாடாகிவிடும். அங்கெல்லாம் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டு, ரப்பர் வைப்பரால் வழித்து எடுத்துவிட வேண்டும்.